வாய் முந்திக்கொண்ட வெர்னியர்: பெங்களூரில் ஒரு குவாலிட்டி இன்ஸ்பெக்டரின் நான்கு நேர்காணல்கள்

இங்கே வருபவர் ஒரே ஆள் இல்லை. பொம்மசந்திரா, ஜிகனி, பீனியா பக்கம் உதிரிபாகக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழ்ப் பையன்கள் நேர்காணலில் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்களைச் சேர்த்து ஒரு ஆளாக நிறுத்தியிருக்கிறோம். கம்பெனிப் பெயர்கள் வேண்டுமென்றே விடப்பட்டவை. அளவுகளையும் கணக்குகளையும் யாரும் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வயது 26. தருமபுரி பக்கத்து ஊர், மெக்கானிக்கல் டிப்ளமோ. பொம்மசந்திராவில் அலுமினிய பம்ப் பாடி எந்திரவேலை செய்யும் ஒரு கம்பெனியில் நான்கு வருடமாக லைன் இன்ஸ்பெக்டர். சந்தாபுராவில் நான்கு பேரோடு ரூம். கையில் வருவது 21,000 சொச்சம். அடுத்த படி குவாலிட்டி இன்ஜினியர். அதற்காக மூன்று இடத்தில் நேர்காணல் கொடுத்தார், மூன்றும் போனது. 'எனக்கு இங்கிலீஷ் வரல, அதான் தைரியம் இல்ல' என்பது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு முன்பணம் கட்டவும் கிளம்பிவிட்டார்.

காரணம் அதுவா என்று பார்க்க, மூன்று நேர்காணலையும் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஜிகனி: ஒன்பது நிமிடம்

"டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றதும் பாலிடெக்னிக் கடைசி வருடத்தில் மனப்பாடம் செய்தது அப்படியே வந்தது. மைசெல்ஃப் இன்னார், நேட்டிவ் பிளேஸ் இன்னது, அப்பா விவசாயி, அம்மா ஹவுஸ்வைஃப், ஹாபி கிரிக்கெட். நான்கு வருட அனுபவம் உள்ள ஆள் கேம்பஸில் நிற்கும் பையனைப் போலப் பேசினால், எதிரில் இருப்பவர் அந்த நான்கு வருடத்தையே சந்தேகப்படுவார். பாதியில் ஒரு வரி மறந்தது. மனப்பாடத்தில் ஒரு வரி போனால் அடுத்த வரியும் சேர்ந்தே போகும்.

அடுத்து டிராயிங்கைத் திருப்பி வைத்து, பேனா முனையால் ஒரு துளையைக் காட்டினார்கள். விட்டம் 25, பக்கத்தில் H7. இதை எதில் அளப்பாய்?

"வெர்னியர், சார்."

"ஓகே" என்று தாளைத் திருப்பி வைத்துக்கொண்டார் எதிரில் இருந்தவர். நேர்காணல் அதோடு முடிந்தது.

இந்தப் பதில் ஏன் ஆளைக் கவிழ்த்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். 25 H7 என்றால் துளை 25.000 மி.மீ.யிலிருந்து 25.021 வரை இருக்கலாம். மொத்த அனுமதியே (டாலரன்ஸ்) 21 மைக்ரான். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வெர்னியரில் 50 பிரிவு, அதன் மீச்சிற்றளவு 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான். மொத்த டாலரன்ஸும் வெர்னியரில் ஏறக்குறைய ஒரே கோடுதான். நல்லது எது, கழிவு எது என்று அதில் பிரிக்கவே முடியாது. அதுபோக, உள்தாடைகளின் தட்டையான விளிம்பு வளைந்த சுவரில் சரியாக உட்காராது, துளை இருப்பதைவிடச் சிறிதாகவே காட்டும். டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கைப் படிக்கிற கருவி வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. இங்கே அது 2 மைக்ரான். ஆகவே ஒரு மைக்ரான் டயல் பூட்டிய போர் கேஜை (துளையின் உள்விட்டம் அளக்கும் கருவி), அளவு உறுதியான மாஸ்டர் ரிங்கில் ஜீரோ வைத்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றழுத்தத்தில் அளக்கும் ஏர் கேஜ். லைனில் வேகமாகப் பிரித்துப் போட, துளைக்குள் நுழைத்துப் பார்க்கும் ப்ளக் கேஜ் போதும்: 25.000 கோ பக்கம் நுழைய வேண்டும், 25.021 நோ-கோ பக்கம் நுழையக் கூடாது.

இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? நான்கு வருடமாக ஒவ்வொரு ஷிஃப்டிலும் போர் கேஜைப் பிடித்த கை அது. டயல் முள் திரும்பும் இடத்தைப் பார்க்க கேஜை எவ்வளவு ஆட்ட வேண்டும் என்பது அவருடைய மணிக்கட்டுக்குத் தெரியும். ஆனால் 'இந்தத் துளையை இதில் அளக்கிறேன், ஏனென்றால்' என்று நான்கு வருடத்தில் ஒருத்தரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய தேவையும் வந்ததில்லை. பதற்றத்தில் கேள்வி வந்ததும் பாடப்புத்தகத்தின் முதல் கருவி வாயில் வந்து நின்றது. இதே கேள்வியைத் தமிழில் கேட்டிருந்தாலும் வெர்னியர் என்றுதான் சொல்லியிருப்பார். எங்கள் கணிப்பில் இங்கிலீஷ் மேல் போட்ட பழி இங்கேயே விழுந்துவிட்டது.

அத்திப்பள்ளி, பீனியா

இரண்டாவது சீக்கிரம் சொல்லிவிடலாம். முதல் தோல்வியில் பயந்து, வேலை தெரியும் என்று நிரூபிக்க வேண்டும் என்ற வேகத்தில், தற்போதைய கம்பெனியின் கன்ட்ரோல் பிளானையும் (எதை எப்படிச் சோதிப்பது என்ற திட்டத் தாள்) வாடிக்கையாளர் டிராயிங்கையும் செல்போனில் படமெடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். பார்த்தவர் போனைக் கவிழ்த்து வைத்து, "இதை எங்களிடம் காட்டக் கூடாது" என்றார். அந்த டிராயிங் வாடிக்கையாளரின் சொத்து. இன்று அதை இங்கே காட்டுகிற ஆள் நாளை இங்குள்ளதை வெளியே காட்டுவார் என்று அந்தக் கம்பெனி நினைப்பதில் தப்பில்லை.

மூன்றாவது பீனியாவில். முந்தின நாள் சி ஷிஃப்ட், இரவு பத்து முதல் காலை ஆறு வரை. தூங்காமல் பஸ் ஏறி, சில்க் போர்டு நெரிசலில் மாட்டி, 40 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். டெக்னிக்கல் சுற்று ஆச்சரியமாக நன்றாகவே போனது. எச்.ஆர். சுற்றில் இரண்டே கேள்வி. ஏன் வேலையை விடுகிறீர்கள்? "மேனேஜ்மென்ட் சரியில்ல சார், ஒரே பாலிடிக்ஸ்." எப்போது சேர முடியும்? "இம்மீடியட்டா சார்." அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் 30 நாள் நோட்டீஸ் என்று இருக்கிறது. ஆர்வத்தைக் காட்டுவதாக நினைத்துச் சொன்ன பதில், நோட்டீஸ் கொடுக்காமல் ஓடிப்போகிற ஆள் என்ற பெயரை வாங்கித் தந்தது.

பன்னிரண்டு நாள்

நான்காவது அழைப்பு மின்னஞ்சலில் வந்தபோது கையில் 12 நாள் இருந்தது. இடம் மறுபடி பீனியா, வேறு கம்பெனி.

முதல் இரண்டு நாள் கேள்வி-பதில் புத்தகம் எதையும் தொடவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, நான்கு வருடத்தில் தன் கையில் நடந்த சிக்கல்களை மட்டும் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி: என்ன கெட்டது, எத்தனை கெட்டது, காரணம் எப்படிப் பிடிபட்டது, என்ன மாற்றினோம், அதன்பின் எத்தனை. மொத்தம் பதினொன்று எழுதினார். எண் சொல்ல முடிந்தது நான்குக்குத்தான். மற்ற ஏழையும் அடித்துவிடச் சொன்னோம். 'ரிஜெக்‌ஷன் நிறைய குறைஞ்சது சார்' என்றால் அடுத்த கேள்வி 'எவ்வளவு?' என்றுதான் வரும், அங்கே முழிக்க வேண்டியிருக்கும். எண் இல்லாத சாதனையைப் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பது நல்லது.

நான்கில் ஒன்று தங்கமாக இருந்தது. மூன்று மாதத்தில் அனுப்பிய 60,000 பம்ப் பாடியில் 42 திரும்பி வந்தன. அதே 25 H7 துளைதான். வாடிக்கையாளர் இடத்தில் கோ கேஜ் நுழையவில்லை, இங்கே லைனில் அளந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. போர் கேஜை மாற்றிப் பார்த்தார்கள், ஆளை மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் இவர்தான் கவனித்தார்: மெஷினிலிருந்து வெளியே வரும் பாடி கையில் சூடாக இருக்கிறது, ஜீரோ வைக்கும் மாஸ்டர் ரிங் ஏ.சி. அறையிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் கோடையில் ஏறக்குறைய 15 டிகிரி. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 23 மைக்ரான் விரியும். 25 மி.மீ. துளைக்கு 15 டிகிரியில் எட்டரை மைக்ரானுக்குச் சற்று மேல். சூட்டில் 25.006 என்று தேறியது, ஆறியதும் 24.997 ஆகிவிடும், கோ கேஜ் நுழையாது. அளவுகள் எல்லாம் 20 டிகிரிக்குத்தான் என்ற விதி பாடத்தில் ஒரு வரியாக இருப்பது, இங்கே 42 பாடியாகத் திரும்பி வந்தது. அளப்பதற்கு முன் 20 நிமிடம் ஆறவிடுவது, ரிங்கை லைனிலேயே வைப்பது என்று மாற்றினார்கள். அடுத்த 60,000-இல் திரும்பியவை 9. பத்து லட்சத்துக்குக் கணக்கிட்டால் 700 பி.பி.எம். 150-க்கு இறங்கியது.

இவ்வளவு பெரிய விஷயத்தை மூன்று நேர்காணலிலும் அவர் வாயே திறக்கவில்லை. கேட்டபோது, "அது எங்க சூப்பர்வைசர் பேருல போச்சு" என்றார். யார் பெயரில் போனாலும், ரிங்கைத் தொட்டுப் பார்த்து வித்தியாசத்தைக் கண்டுபிடித்த கை இவருடையது. 'டீமாகச் செய்தோம், அதில் வெப்ப வித்தியாசத்தைக் கவனித்தது நான்' என்று சொல்வது பொய்யும் இல்லை, பெருமையடிப்பும் இல்லை. தன் பங்கை இப்படிப் பிரித்துச் சொல்ல நம் பையன்களுக்குக் கூச்சம் அதிகம். இந்தக் கூச்சத்தைத்தான் பல பேர் தைரியக் குறைவு என்று தப்பாகப் பெயர் வைக்கிறார்கள்.

மூன்றாம் நாளிலிருந்து பேச்சு. ரூமில் மூத்தவர் ஒருவர் கேள்வி கேட்கிறவராக உட்கார்ந்தார்.

"அண்ணா, இதை இங்கிலீஷ்ல எப்படி ஆரம்பிக்கறது?"

"முதல்ல தமிழ்ல சொல்லுடா. தமிழ்லயே உனக்கு இன்னும் கோவையா வரல."

அது உண்மை. போனில் பதிவு செய்த முதல் தமிழ்ப் பேச்சு ஆறு நிமிடம் ஓடியது. கூலண்ட் நாற்றத்திலிருந்து சூப்பர்வைசர் குணம் வரை எல்லாம் அதில் இருந்தது. மூன்று நாளில் அதை ஒன்றரை நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் இங்கிலீஷ், அதுவும் குட்டிக் குட்டி வாக்கியங்களில். 'ஃபார்ட்டி டூ பார்ட்ஸ் கேம் பேக். கோ கேஜ் வாஸ் நாட் என்டரிங். வீ மெஷர்ட் ஹாட் பார்ட்ஸ். த மாஸ்டர் ரிங் வாஸ் கோல்ட்.' இதில் இலக்கணம் தப்பவே இடமில்லை. 'விச்', 'வேர்ஆஸ்' என்று நீட்டிக் கோர்க்கப் போகும்போதுதான் நாக்கு சிக்கும். மனப்பாடம் செய்யவில்லை. நோட்டில் ஐந்து சொற்கள் மட்டும் எழுதி, அவற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொன்னார். ஒரு சொல் மறந்தாலும் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளலாம்.

அறிமுகமும் இதே அச்சில் மாறியது. இப்போது என்ன வேலை, என்ன பாகம், என்ன கருவிகள். ஒரு சிக்கலும் அதன் எண்ணும். இந்தக் கம்பெனியின் எந்த வேலைக்காக வந்திருக்கிறேன். மொத்தம் 90 விநாடி, நிதானமாகப் பேசினால் 180 முதல் 200 சொல். அப்பா, அம்மா, ஹாபி எதுவும் கிடையாது. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

கண்ணாடி முன் நின்று பேசிப் பழகச் சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கண்ணாடியில் மனம் முகத்தைப் பார்க்கப் போய்விடும், பேச்சை யாரும் கேட்பதில்லை. குறுக்கே கேள்வி கேட்கும் ஒரு ஆள் எதிரில் இருந்தால்தான் பயிற்சி. ரூம் அண்ணன் அதைச் சரியாகச் செய்தார்: ஒவ்வொரு பதிலுக்கும் 'எப்படித் தெரியும்?', 'எவ்வளவு?' இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டார். இரண்டு இரவு பையன் கோபித்துக்கொண்டு எழுந்தும் போனார்.

ஏழாம் நாள் ஒரு சின்னத் தந்திரம் சேர்ந்தது. கோப்பின் முதல் பையில் இரண்டு வெள்ளைத் தாள், ஒரு பென்சில். விளக்க வேண்டிய இடத்தில் 'கேன் ஐ ட்ரா, சார்?' என்று கேட்பது. படம் வரையும்போது கண் தாளில் இருக்கும், கை பழகிய வேலையைச் செய்யும், குரல் தானாக இறங்கும். யோசிக்கப் பத்து விநாடி கிடைக்கும். எதிரில் இருப்பவரும் ஆளைப் பார்ப்பதை விட்டுப் படத்தைப் பார்ப்பார். டிராயிங் படித்து வளர்ந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய தெம்பு கிடையாது.

பத்தாம் நாள் வழி. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பிறகும் பழக்கத்தில் பஸ்ஸையே பிடித்துக்கொண்டிருந்தார். பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, பீனியா இண்டஸ்ட்ரியில் இறங்கி, கம்பெனி கேட் வரை அதே நேரத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்தார். கதவிலிருந்து கேட்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டரை மணி நேரத்துக்கு முன் கிளம்புவது என்று முடிவானது. கேட்டில் ஆதாரைக் காட்டி, பாஸ் எழுதி, போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விட 15 நிமிடம் ஆகும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நேர்காணலுக்கு முந்தின இரண்டு நாள் ஷிஃப்டை மாற்றிக்கொண்டார். இந்த 12 நாளில் செய்ததில் மிகப் பயனுள்ள வேலை ஒருவேளை அதுதான்.

நான்காவது

மேசைக்கு அப்பால் மூன்று பேர்: குவாலிட்டி ஹெட், புரொடக்‌ஷன் ஆள், எச்.ஆர். இவருடைய பெயரைப் பார்த்ததும் புரொடக்‌ஷன்காரர் தமிழில் ஆரம்பித்தார்: "எந்த ஊருப்பா?"

பெங்களூரில் இது அடிக்கடி நடக்கும், இதில் ஒரு குழி உண்டு. நம்ம ஆள் கிடைத்தார் என்ற நிம்மதியில் தமிழிலேயே தொடர்ந்தால் மற்ற இருவருக்கும் ஒன்றும் புரியாது. எழுத்துப்பூர்வமாக மதிப்பெண் போடுவது பெரும்பாலும் அவர்கள்தான். "தருமபுரி பக்கம், சார்" என்று ஒரே வரியில் முடித்து, அடுத்த கேள்விக்கு இங்கிலீஷுக்குத் திரும்பினார். எச்.ஆர். "கன்னட பருத்தா?" என்றபோது "ஸ்வல்ப பருத்தே, கலிதா இத்தீனி" என்றார். கொஞ்சம் வரும், கற்றுக்கொண்டிருக்கிறேன். லைனில் ஆபரேட்டர்கள் பாதிப் பேர் கன்னடம் பேசும் இடத்தில் 'கன்னட கொத்தில்ல' என்று கையை விரிக்கிற இன்ஸ்பெக்டரை யாருக்கும் பிடிக்காது.

குவாலிட்டி ஹெட் கேட்டது கணக்கு. 25 H7 துளை, சராசரி 25.013, சிக்மா (அளவுகளின் பரவல்) 2 மைக்ரான். அளவுகள் எல்லைக்குள் எவ்வளவு பத்திரமாக நிற்கின்றன என்று காட்டும் சிபிகே எவ்வளவு? தாளை எடுத்து ஒரு கோடு போட்டு, இரண்டு எல்லையையும் நடுவில் சராசரியையும் குறித்தார். மேல் எல்லைக்கு 8 மைக்ரான், கீழ் எல்லைக்கு 13. இரண்டையும் மூன்று சிக்மாவான 6-ஆல் வகுத்தால் 1.33, 2.17. சிறியதுதான் சிபிகே: 1.33. "1.67 வேண்டும் என்றால் மெஷினை மாற்ற வேண்டுமா?" வேண்டாம், பரவல் நன்றாகத்தான் இருக்கிறது, சராசரி தள்ளி நிற்கிறது; நடுவான 25.0105-க்கு இறக்கினால் 1.75 கிடைக்கும் என்றார். அதோடு நிறுத்தாமல், துளையைக் குடையும் போரிங் ஹெட்டின் ஒரு கோடே 10 மைக்ரான் என்றால் இரண்டரை மைக்ரானை அதில் பிடிக்க முடியாது, 2 மைக்ரான் கோடு உள்ள ஃபைன் போரிங் ஹெட் வேண்டும் என்று சேர்த்தார். புரொடக்‌ஷன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த வரிக்குத்தான். சூத்திரத்தை யாரும் படித்துவிடலாம், போரிங் ஹெட்டைத் திருகிப் பார்த்தவர்தான் இதைச் சொல்ல முடியும்.

எல்லாம் நன்றாகப் போகவில்லை. அளக்கும் முறையையே சோதிக்கும் கேஜ் ஆர் அண்ட் ஆர் தனியாகச் செய்திருக்கிறாயா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. பழைய ஆளாக இருந்தால் 'செய்திருக்கிறேன்' என்று சொல்லி அடுத்த கேள்வியில் மாட்டியிருப்பார். இந்த முறை சொன்னது: "நான் தனியாக நடத்தியதில்லை, சார். மூன்று ஆபரேட்டரில் ஒருவனாக அளந்திருக்கிறேன். பத்து பாகம், மூன்று பேர், மூன்று முறை, 90 ரீடிங். 10 சதவீதத்துக்குக் கீழ் வந்தால் ஏற்கலாம், 30-க்கு மேல் போனால் கூடாது என்று தெரியும். கணக்கை நான் போட்டதில்லை." தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் இப்படிக் கோடு கிழித்துச் சொன்னால் எதிராளிக்கு மேலே குடைய இடமிருக்காது. மற்ற பதில்கள் மேலும் நம்பிக்கை கூடும்.

பி.பி.ஏ.பி. (உற்பத்திக்கு முன் வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கும் ஆவணத் தொகுப்பு) பற்றிய கேள்வியில் தடுமாறியது வேறு கதை. 18 ஆவணங்களில் பன்னிரண்டைச் சொல்லி நின்றுவிட்டார். அதை வரிசையாக ஒப்பிக்கச் சொல்வதே வீண் கேள்வி என்பது எங்கள் கருத்து, ஆனால் கேட்கிறார்கள். இரண்டு இரவு ஒதுக்கிப் படித்துவைப்பதைத் தவிர வழியில்லை.

ஏன் விடுகிறாய்? "இப்போது இருக்கும் இடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் மட்டும்தான். வாடிக்கையாளர் புகாரை முதலிலிருந்து கடைசி வரை கையாளும் வேலைக்குப் போக விரும்புகிறேன்." சூப்பர்வைசர் பெயர் வரவில்லை. எப்போது சேரலாம்? 30 நாள் நோட்டீஸ், அதற்குப் பின்.

சம்பளம்

'கம்பெனி முறைப்படி கொடுங்க, சார்' என்பது பணிவு மாதிரித் தெரியும், பேரத்தைத் தொடங்கும் முன்பே விட்டுக்கொடுப்பதுதான் அது. எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்றதற்கு 4.5 லட்சம் என்றார். 4.2 லட்சத்துக்கு ஆஃபர் வந்தது.

4.2 லட்சத்தை 12-ஆல் வகுத்து 35,000 கையில் வரும் என்று வீட்டுக்கு போன் போடுவதுதான் வழக்கமான தவறு. சி.டி.சி. என்பது கம்பெனிக்கு ஆகும் செலவு. 35,000-இல் அடிப்படை 17,500 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800 (15,000 உச்சவரம்பில் 12 சதவீதம்), கிராஜுவிட்டி 4.81 சதவீதமாக 842, இரண்டும் அதற்குள்ளேயே இருக்கும். மீதி 32,358. அதில் அவருடைய பி.எஃப். 1,800, கர்நாடகத் தொழில் வரி 200 போனால் கைக்கு வருவது 30,358. காப்பீடு, வருட போனஸ் என்று வேறு எதையாவது உள்ளே நுழைத்திருந்தால் இன்னும் குறையும். ஆகவே ஆஃபர் வந்ததும் கேட்க வேண்டியது சம்பளப் பிரிப்புத் தாள்.

இவர் தாளை வாங்கிப் பார்த்தார். மாதம் 1,500 'பெர்ஃபார்மன்ஸ் பே' என்று அதில் இருந்தது, ஆண்டு இறுதியில்தான் வரும். கைக்கு 29,000-க்கும் கீழ். பீனியா பக்கம் ரூம் எடுத்தால் வாடகை சந்தாபுராவைவிடக் கூடும், தினமும் போய்வந்தால் மூன்றரை மணி நேரம் போகும். அந்த 1,500-ஐ மாதச் சம்பளத்தில் சேர்க்க முடியுமா என்று மின்னஞ்சலில் இரண்டே வரி எழுதினார். முடியாது, ஆனால் ஷிஃப்டுக்கு கம்பெனி பஸ் உண்டு, நாகசந்திரா வரை வரும் என்று பதில் வந்தது. ஆஃபர் கடிதம் கையெழுத்தாகி வந்த பிறகே பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்தார். ரிலீவிங் லெட்டரில் உள்ள கடைசி நாளும், பி.எஃப். கணக்கில் பழைய கம்பெனி பதிகிற வெளியேறும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னோம். பார்த்தார். மூன்று நாள் வித்தியாசம் இருந்தது. திருத்தி வாங்கப் பதினைந்து நாள் அலைந்தார்.